கேரள அமைச்சரவையில் 23 பேர் வருவது ஏன்?

அமைச்சர்களின் எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மீறப்படவில்லை. 2021 மே மாதம் பதவியேற்ற இடது ஜனநாயக முன்னணி அமைச்சரவையைக் கட்சிவாரியாகக் கூட்டினால் 23 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் முதலமைச்சரையும் சேர்த்து 21 பேர்தான். 140 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்துக்கு 15 விழுக்காடு என்பதும் அதே 21. அரசியலமைப்பின் 91-வது திருத்தம் 2003-இல் கொண்டுவந்த இந்த வரம்பில் முதலமைச்சரும் அடக்கம்.

இரண்டு இடங்களை நீங்கள் இருமுறை எண்ணியிருக்க வேண்டும். ஒரு சட்டமன்ற உறுப்பினர் மட்டுமே இருந்த நான்கு கட்சிகளுக்கு இரண்டு இடங்களைத் தலா இரண்டரை ஆண்டு என்று முன்னணி பகிர்ந்தளித்தது. முதல் பாதியில் அகமது தேவர்கோவிலும் ஆண்டனி ராஜுவும் இருந்தார்கள். அவர்கள் விலகியபின் 2023 டிசம்பர் 29 அன்று கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் கே.பி. கணேஷ்குமாரும் பதவியேற்றார்கள். சிறிய கட்சிகளை வெளியே நிறுத்தாமல் கூட்டணியைக் காக்க இது நேர்மையான வழி என்றே கருதுகிறேன்.

சரிபார்க்க, ஒரு தேதியை எடுத்துக்கொண்டு அன்று பதவியில் இருந்தவர்களை மட்டும் கூட்டுங்கள். 2021 மே 20-க்கு மார்க்சிஸ்ட் 12, இந்தியக் கம்யூனிஸ்ட் 4, ஏனைய ஐந்து கட்சிகளுக்குத் தலா 1 என்று 21 வரும்.

பெயர்வாரியாக எண்ணினால் 23-ஐயும் தாண்டும், ஏனெனில் மார்க்சிஸ்ட் கட்சியும் இடையில் தன் அமைச்சர்களில் சிலரை மாற்றியது. அரசுத் தலைமைக் கொறடா (ஆளும் தரப்பு உறுப்பினர்களை அவையில் ஒருங்கிணைப்பவர்) அமைச்சருக்கு இணையான தகுதி பெற்றவரே தவிர அமைச்சர் அல்லர்; அவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.