பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்

கேள்வி: கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியே கதையை நகர்த்தி, சந்தேகமான இடத்தில் பகடை உருட்டும் விளையாட்டு) விதிகளை வைத்து, எங்கள் ஊர்ப்பக்கம் நடக்கிற கதை ஒன்றை விளையாடுகிறோம். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவன். போன வாரம் சிலைத் திருடர்களைத் துரத்தி வந்தவர்கள் ராத்திரியில் பரிசல் போட்டுக் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. உருட்டச் சொன்னேன், தோல்வி. மறுபடியும் தோல்வி. நான்காவது தடவைதான் அக்கரை போனார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அப்புறம் ஆற்று மதகின் ஷட்டரை அரை மணி நேரம் இறக்கி வைக்கச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்கிற ஊழியரான லஸ்கரிடம் ஒருவன் அருமையாகப் பேசினான். இருபது முகப் பகடையில் 2 விழுந்தது. 'முடியாது என்கிறார்' என்று முடித்துவிட்டேன். அவன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்கு உருட்ட வைப்பது, எதற்கு வேண்டாம்?

பதில்: எனக்கு முதலில் உறுத்தியது அந்த முக்கால் மணி நேரம்தான். லஸ்கர் விவகாரமும் அதே கோளாறின் இன்னொரு முகம்.

நாமெல்லாம் தாயம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் முதலில் கட்டையை உருட்டுவோம். விழுந்ததைப் பார்த்துவிட்டு எந்தக் காயை நகர்த்தலாம் என்று யோசிப்போம். அந்தக் கைப்பழக்கம் இங்கே ஆகாது. இங்கே பகடை தரையில் விழும்போது, ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

'பரிசலில் ஏறி அக்கரை போகிறோம்' என்று சொன்னவுடன் பகடையைத் தேடாதீர்கள். 'எதற்கு இந்த நேரத்தில்?' என்று கேளுங்கள். 'அவர்கள் வேனில் சிலையை ஏற்றுவதற்குள் போய்ச் சேரணும்' என்று சொன்னால் ஆட்டம் நேரத்தைப் பற்றியது. தோற்றாலும் அக்கரை போய்விடுவார்கள், ஆனால் கரை மண்ணில் டயர் தடம் மட்டும்தான் மிச்சம். 'யார் கண்ணிலும் படாமல் போகணும்' என்று சொன்னால் ஆட்டம் வேறு. தோற்றால், நடு ஆற்றில் இருக்கும்போதே எதிர்க்கரையிலிருந்து டார்ச் வெளிச்சம் பரிசல் மேல் விழுகிறது. ஒரே ஆறு, ஒரே பரிசல், இரண்டு வேறு உருட்டல்கள். நீங்கள் வைத்த உருட்டலில் தோற்றால் ஒன்றுமே நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்படியானால் 'இன்னொரு தடவை' என்றுதானே எவனும் கேட்பான்?

இதில் கணக்கும் இருக்கிறது. உங்கள் விளையாட்டின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பகடையில் விழுந்ததும் திறமைக்கான கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு எண் 5-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக 30 வரை போகும். 15 என்பது நடுத்தரம். திறமைக்கு +3 வைத்திருப்பவருக்கு இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு 45 சதவீதம். நான்கு தடவை உருட்ட விட்டால், ஏதாவது ஒன்றில் தேறிவிட ஏறக்குறைய 91 சதவீதம். அவர்கள் அக்கரை போவது கிட்டத்தட்ட உறுதி என்றால் எதற்கு உருட்டினீர்கள்? இதையே திருப்பிப் போட்டு, நால்வரும் தனித்தனியே உருட்டி நால்வருமே தேற வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். வாய்ப்பு வெறும் 4 சதவீதம். அதனால்தான் கூட்டமாகச் செய்கிற காரியத்தில் பாதிப் பேர் தேறினால் எல்லோரும் தேறியதாகக் கொள்கிறது விதி.

என் வழக்கம் ஒரு காரியத்துக்கு ஒரே உருட்டல். இலக்கு 10, 15, 20, இந்த மூன்றுதான். மற்றதை அட்வான்டேஜ் பார்த்துக்கொள்ளும். கழி போடத் தெரிந்த உள்ளூர்க்காரர் கூட வந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கட்டும், 45 எழுபதைத் தொட்டுவிடும். அமாவாசை இருட்டில் மழையும் பெய்தால் இரண்டில் சிறியது, வாய்ப்பு இருபதுக்கு இறங்கிவிடும்.

உருட்டவே வேண்டாத இடங்களும் உண்டு. சித்திரை வெயிலில் கொள்ளிடம் மணலாகக் கிடக்கிறது, கணுக்காலுக்குத் தண்ணீர் என்றால், நடந்து போனார்கள், அவ்வளவுதான். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றால் பரிசலில் போக முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். 20 விழுந்தாலும் வெள்ளம் வழிவிடாது. (20 விழுந்தால் எல்லாம் நடக்கும் என்று சாதிப்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அந்தப் பதிப்பில் அந்தச் சலுகை தாக்குதலுக்குத்தான்.) இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆற்றுக்குத்தான் பகடை. உருட்டாமல் தீர்ப்புச் சொல்வது ஏமாற்று வேலையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் ஆடிய போர் விளையாட்டிலேயே, பகடை வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்று ஒரு பிரிவு கிளம்பியிருக்கிறது.

சரி, லஸ்கருக்கு வருவோம். நண்பர் என்ன பேசினார் என்று நீங்கள் எழுதவில்லை. திருடு போனது அந்த லஸ்கருடைய ஊர்க் கோயில் அம்மன் என்று எடுத்துச் சொல்லியிருந்தால், என் மேசையில் பகடையே கிடையாது, ஷட்டர் இறங்கிவிடும். பொதுவாக உருக்கமாகப் பேசினார் என்றால் உருட்டலாம். ஆனால் எதற்கு என்று முதலில் சொல்லுங்கள்: 'அவர் உன்னை நம்பிவிட்டார். வேலை போய்விடுமோ என்றுதான் பயம். அந்தப் பயத்தை நீ தாண்ட வைக்கிறாயா என்று பார்ப்போம்.' இப்போது 2 விழட்டும். லஸ்கர் பீடியை அணைத்துவிட்டுச் சொல்கிறார்: 'நீ சொல்றது நெசந்தான் தம்பி. காலையில இன்ஜினியரு வந்து அளவுகோலப் பாத்துட்டுக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?' தோல்விதான். ஆனாலும் பேசிய பேச்சு வீணாகவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு நுனி கிடைத்துவிட்டது.

இந்த இடைநிலையை விதியாகவே வைத்திருக்கிற விளையாட்டும் உண்டு. 2010-இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு சாதாரணப் பகடைதான். கூட்டுத்தொகை 10 அல்லது மேலே என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை கிடைக்கும் ஆனால் விலை கொடுக்கணும், 6-க்குக் கீழே வந்தாலோ 6-ஏ வந்தாலோ வம்பு. கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் அந்த 7–9 மட்டும் 36-இல் 15 தடவை விழும். உங்கள் விதியிலும் இதற்கு இடம் இருக்கிறது: இலக்குக்கு ஒன்றோ இரண்டோ குறைந்து தவறினால் ஒரு விலை வைத்துக் காரியத்தை நடத்திக்கொடுக்கலாம் என்று கேம் மாஸ்டருக்கான புத்தகமே சொல்கிறது. நான் மூன்று வரை விட்டுக்கொடுப்பேன். அது என் தாராளம்.

நண்பருக்காகப் பழைய தீர்ப்பை மாற்றாதீர்கள், மற்ற மூவரும் ஆளுக்கொரு பழைய கணக்கோடு வந்துவிடுவார்கள். வரும் சனிக்கிழமை விடிகாலையில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத லஸ்கர் சைக்கிளை மிதித்துக்கொண்டு படுகை வழியாக வருகிறார். மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் நேராக அந்த நண்பரின் கேரக்டர் முன்னால் நின்று, 'நீ சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்' என்கிறார். அதன் பிறகு நீங்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதீர்கள். நண்பர் பேசட்டும்.