விலங்கியல் படித்தவர் காட்டுயிரியல் பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: முதுநிலை விலங்கியல் படிக்கிறேன். காட்டுயிரியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியராக முடியுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாக. காட்டுயிரியலுக்கெனத் தனித்துறை உள்ள கல்லூரிகள் தமிழகத்தில் மிகச் சில என்பதால் (உதகை அரசு கலைக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆகியவை நினைவுக்கு வருகின்றன), பணியிடங்கள் பெரும்பாலும் விலங்கியல் என்ற பெயரிலேயே வரும், உங்கள் பட்டம் அங்கே பலமே. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்ச அளவுகோல். முனைவர் பட்டம் கட்டாயமன்று. ஆயினும், களத்தில் அலைந்து ஆய்வு செய்யாதவர் இப்பாடத்தை நடத்துவது, நீச்சல் தெரியாதவர் நீச்சல் கற்பிப்பது போன்றது என்பேன். சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) சார்பில் தேசியத் தேர்வு முகமை நடத்தும் உயிர் அறிவியல் நெட் பாடத்திட்டத்தில் சூழலியலும் விலங்கு நடத்தையியலும் இருப்பதால், அதற்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காடும் தொலைவில் இல்லை, வனத்துறை அனுமதியுடன் பறவைகளைக் குறிப்பெடுத்துப் பழகலாம்.