எல்லா ஸ்லைடும் ஒரே ரோஸ் நிறமாகத் தெரிகிறதா?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறேன். ஹிஸ்டாலஜி (திசுவியல்) வகுப்பில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால் எல்லா ஸ்லைடும் ஒரே ரோஸ் நிறமாகத் தெரிகிறது. பிசியாலஜி (உடலியங்கியல்) படிக்கும்போது புரிகிறது. புத்தகத்தை மூடினால் ஒன்றும் நிற்பதில்லை. முதல் இன்டர்னல் தேர்வில் இரண்டிலும் ஃபெயில். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை அல்ல, ஒன்றுதான். ஹிஸ்டாலஜியை அனாடமி துறை எடுக்கிறது, பிசியாலஜி வேறு துறை, வேறு நேரம், வேறு ரெக்கார்டு நோட்டு. அதனால் இரண்டும் வேறு வேறு பாடம் என்றே மனதில் பதிந்துவிடுகிறது. ஒரு செல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பிசியாலஜி வருகிறது. அந்த வேலையைச் செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால் ஹிஸ்டாலஜி வருகிறது. இரண்டையும் ஒரே உட்காரலில் படியுங்கள்.

நிறத்திலிருந்தே தொடங்கலாம். நீங்கள் பார்க்கும் பெரும்பாலான ஸ்லைடுகள் எச் அண்ட் ஈ (ஹீமடாக்ஸிலின், ஈயோசின்) சாயம் ஏற்றியவை. ஹீமடாக்ஸிலின் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கும் சாயம். அமிலத்தன்மை உள்ள பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். நியூக்ளியஸில் டி.என்.ஏ. இருக்கிறது, ரைபோசோமில் ஆர்.என்.ஏ. இருக்கிறது. இரண்டும் அமிலம், அதனால் ஊதா. ஈயோசின் புரதத்தைப் பிடிக்கும். சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, தசை, கொலாஜன், ரத்தச் சிவப்பணு எல்லாம் ரோஸ். ஆக, நிறம் வெறும் அலங்காரம் அல்ல. அந்த செல் என்ன தொழில் செய்கிறது என்று அதுவே சொல்கிறது.

இரைப்பையின் மேற்பகுதியான ஃபண்டஸ் ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள். சுரப்பியின் மேல்பாதியில் உருண்டையாக, பளிச்சென்ற ரோஸ் நிறத்தில், நடுவில் நியூக்ளியஸ் வைத்த செல்கள் இருக்கும். ஆஃபாயில் மாதிரி தெரியும். அவைதான் பெரைட்டல் செல். ஏன் இவ்வளவு ரோஸ்? ரத்தத்தின் பி.ஹெச். 7.4, இந்தச் செல் சுரக்கும் அமிலத்தின் பி.ஹெச். கிட்டத்தட்ட 1. அதாவது ஹைட்ரஜன் அயனியை, பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவு உள்ள பக்கத்துக்குத் தள்ள வேண்டும். அதற்கு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஏராளமாக வேண்டும், ஏ.டி.பி.க்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டும், அது செல் முழுக்க அடைந்து கிடக்கிறது. அதனால் ரோஸ். அப்படியே சுரப்பியின் அடிப்பகுதிக்கு ஸ்லைடை நகர்த்துங்கள். அங்கே இருக்கும் சீஃப் செல்களின் அடிப்பாகம் ஊதாவாக இருக்கும். அது பெப்சினோஜன் என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. புரதத் தயாரிப்புக்கு ரைபோசோம் வேண்டும். இந்த ஒரு ஸ்லைடில் ஸ்பாட்டருக்கும் (ஸ்லைடைப் பார்த்து அடையாளம் எழுதும் கேள்வி) விடை கிடைத்துவிட்டது, அமிலச் சுரப்புக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது. பெரைட்டல் செல்தான் வைட்டமின் பி12-ஐ உறிஞ்ச உதவும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் சுரக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால், அந்த செல் அழிந்தவருக்கு வைட்டமின் பி12 குறைந்து ஏன் ரத்தசோகை வருகிறது என்பதும் அதனோடு வந்துவிடும்.

நானும் முதலாண்டில் குறுக்குவழியில்தான் போனேன். எந்த ஸ்லைடின் ஓரம் கிழிந்திருக்கும், எதில் சாயம் திட்டாக இருக்கும் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். தேர்வன்று வேறு செட் ஸ்லைடுகளை வைத்திருந்தார்கள். பத்து ஸ்பாட்டரில் இரண்டுகூடச் சரியாக எழுத முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ‘இது என்ன’ என்பதை விட்டு ‘இது ஏன் இப்படி’ என்று கேட்க ஆரம்பித்தேன்.

சிறுநீரக நுண்குழாயின் தொடக்கச் சுருளான பி.சி.டி., பின்பகுதிச் சுருளான டி.சி.டி. இரண்டையும் பிரித்துச் சொல்வதில் எல்லோரும் தடுமாறுவார்கள். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான். வடிகட்டியதில் சுமார் 65 சதவீதத்தை பி.சி.டி.யே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேலைக்குப் பரப்பு வேண்டும், அதனால் பிரஷ் பார்டர் (செல்லின் உள்துளைப் பக்கம் நிற்கும் நுண்விரல் வரிசை). சக்தி வேண்டும், அதனால் மைட்டோகாண்ட்ரியா. எனவே பி.சி.டி. அடர் ரோஸாக, உள்துளை கலங்கலாகத் தெரியும். டி.சி.டி. வெளிறி, உள்துளை சுத்தமாகத் தெரியும். பி.சி.டி. செல் பெரியது, அதனால் ஒரு வட்டத்தில் நியூக்ளியஸ்கள் குறைவாகவே கண்ணில் படும்.

ஸ்லைடில் பி.சி.டி. வட்டங்கள் ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கும் காரணம் உண்டு. நீங்கள் பார்ப்பது சுமார் 5 மைக்ரான் தடிமன் கொண்ட ஒரு சீவல். வெண்டைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் முட்டை வடிவம். பி.சி.டி.யோ நீளமானது, இடியாப்பம் போலச் சுருண்டு கிடப்பது. கத்தி அதையே திரும்பத் திரும்ப வெட்டும். பார்க்கும் ஒவ்வொரு வட்டத்தையும் நீண்ட குழாயின் ஒரு துண்டாக மனதில் நீட்டிப் பாருங்கள். அளவு தெரியவில்லையா, பக்கத்தில் ஒரு சிவப்பணுவைத் தேடுங்கள். அது 7 மைக்ரானுக்குச் சற்று மேல். ஸ்லைடுக்குள்ளேயே கிடைக்கும் ஸ்கேல்.

அமைப்பையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது நம் வசதிக்காகச் செய்துகொண்டது அல்ல. 1842-ல் வில்லியம் பௌமன், குளோமருலஸ் என்ற தந்துகி முடிச்சைச் சுற்றியுள்ள உறை அப்படியே குழாயாகத் தொடர்வதை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஆனால் அங்கே தண்ணீர் சுரக்கிறது என்று நினைத்தார். ரத்த அழுத்தத்தால் வடிகட்டப்படுகிறது என்று சொன்னவர் கார்ல் லுட்விக். 1920களில் ரிச்சர்ட்ஸ் குழுவினர் தவளையின் பௌமன் உறைக்குள்ளிருந்தே திரவத்தை உறிஞ்சி எடுத்துச் சோதித்த பிறகுதான் வடிகட்டல் நிரூபணமானது.

லேபில் செய்ய வேண்டியது இதுதான். ஸ்லைடை முதலில் வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் லோ பவர். அவசரப்பட்டு 40 மடங்கு லென்ஸுக்குப் போகாதீர்கள். உறுப்பை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் லோ பவர்தான். புத்தகப் படத்தைப் பார்த்து வரையாமல், கண்ணால் கண்டதை எச் அண்ட் ஈ பென்சிலால் (ஊதா, ரோஸ் நிறப் பென்சில்) வரையுங்கள். பாகத்தின் பெயரோடு ஏன் என்று ஒரு வரியும் எழுதுங்கள். நிணநீர்க் கணு, மண்ணீரல், தைமஸ், டான்சில் நான்கையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்துவிடுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீராது.

பிசியாலஜி நிற்காததற்குக் காரணம், படிக்கும்போது அடுத்த வரி கண்முன்னே இருப்பது. புத்தகத்தை மூடிவிட்டு, ‘படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். காலில் ரத்தம் தேங்கும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், அழுத்தம் இறங்கும், கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் கரோட்டிட் சைனஸிலிருந்து போகும் சமிக்ஞை குறையும், மூளைத்தண்டிலுள்ள மெடுல்லா சிம்பதெடிக் நரம்புகளைத் தட்டிவிடும், துடிப்பு ஏறும், ரத்தக்குழாய் சுருங்கும். அம்புக்குறி போட்டு எழுதுங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அதை மட்டும் திறந்து படித்தால் போதும்.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ண வேண்டாம். அறைத்தோழியிடம் தமிழிலேயே சத்தமாக விளக்குங்கள். புரிந்தது புரியாதது அங்கே தெரிந்துவிடும். பிறகு அதையே ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். சொற்களையும் உடைத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் ‘பொடோ’ என்றால் கால். பொடோசைட், கால் விரித்து உட்கார்ந்திருக்கும் செல். லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். ஃபெனஸ்ட்ரேட்டட் கேப்பிலரி, ஜன்னல் வைத்த தந்துகி. ஆங்கிலவழி மாணவர்களுக்கும் இவை புதுச் சொற்கள்தான்.

அடுத்த இன்டர்னலுக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு உறுப்பு போதும். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஸ்லைடு பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். முதல் நாள் சிறுநீரக ஸ்லைடைக் கேட்டு வாங்குங்கள்.