ட்ரெயின் தாம்பரத்தோட நின்னுட்டா ஜிஎச்சுக்கு எப்படிப் போறது?

கோவில்பட்டிலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எழும்பூர் வரைக்கும் போற வண்டின்னுதான் டிக்கெட் எடுத்தோம், இப்ப தாம்பரத்தோட நின்னுடும்னு மெசேஜ் வந்திருக்கு. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஎச்சுக்கு, அதான் அரசு பொது மருத்துவமனைக்குப் போகணும். தாம்பரம் ஸ்டேஷன் எங்களுக்குப் புதுசு. லோக்கல்ல ஏறலாமா, இல்ல கார் பிடிச்சுடறது நல்லதா?"

முதல்ல பயப்படாதீங்க. எழும்பூர்ல ஸ்டேஷனையே மாத்திக் கட்டற வேலை நடக்கறதால நிறைய வண்டிய தாம்பரத்தோட நிறுத்தறாங்க, உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல. என்னைக் கேட்டா கார் வேண்டாம், லோக்கல்லயே போங்க. காலைல ஜிஎஸ்டி ரோட்டுல மாட்டிக்கிட்டு பல்லாவரம், கிண்டி தாண்டி சென்ட்ரல் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, ஆனா லோக்கல்ல சுமார் 50 நிமிஷத்துல பார்க் ஸ்டேஷன்ல இறங்கிடலாம், ஜிஎச் அந்த ஸ்டேஷன் பக்கத்துலயேதான் இருக்கு, சென்ட்ரல் பக்கம் போக பெரிய ரோட்டைக் கடக்கற வேலையே இல்ல.

இதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. தாம்பரத்துலேர்ந்தே கிளம்பற பீச் வண்டியா, அதாவது சென்னை பீச் ஸ்டேஷன் வரைக்கும் போற லோக்கலா பார்த்து ஏறுங்க. செங்கல்பட்டுலேர்ந்தும் வண்டி வரும், அதுல கூடுவாஞ்சேரி, வண்டலூர்லயே ஆள் ஏறி நிரம்பித்தான் தாம்பரத்துக்கே வந்து சேரும், முட்டி வலியோட ஒருத்தர் அதுல ஏறி நிக்கறது ரொம்பக் கொடுமை. தாம்பரத்துல கிளம்பறது காலி வண்டி, கதவு பக்கத்துலயே சீட்டு கிடைக்கும், அம்மாவை உட்கார வெச்சுட்டா 15-ஆவது ஸ்டாப் பார்க், அதுக்கு முந்தின எழும்பூர் வரைக்கும் எழுந்திருக்கவே வேண்டாம். பிளாட்பாரத்துல போர்டைப் பாருங்க, சந்தேகமா இருந்தா பக்கத்துல நிக்கறவங்கள "இது இங்கேர்ந்து கிளம்பற வண்டியா?"ன்னு கேளுங்க, தினமும் போறவங்களுக்கு அத்துப்படி. ஃபாஸ்ட் வண்டின்னு சொன்னா விட்டுடுங்க, அது எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது.

இப்படி காலி வண்டி கிடைக்கறதுக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. பீச்–தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின் 1931 மே 11 அன்னிக்கு ஆரம்பிச்சது, அப்போ சவுத் இண்டியன் ரயில்வே காலம், அகலம் கம்மியான மீட்டர் கேஜ் தண்டவாளம், தென்னிந்தியாவுல கரண்டுல ஓடின முதல் ரயில் சேவையே இதுதான். அந்த லைனுக்கு தாம்பரம்தான் கடைசி ஸ்டேஷன். தொலைதூர வண்டிக்கு ஒரு லைன், லோக்கலுக்குத் தனி லைன்னு பிரிச்சே போட்டாங்க, அதனாலதான் இன்னிக்கும் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரம் ஒரு பக்கமும் லோக்கல் பிளாட்பாரம் ஒரு பக்கமுமா இருக்கு. அப்போ தாம்பரம்னா ஊருக்கு வெளிய, நல்ல காத்து வர்ற இடம்னு பேரு, 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கு சானடோரியம் ஆரம்பிச்சது அந்தக் காத்துக்காகத்தான், அடுத்த ஸ்டேஷன் பேரே தாம்பரம் சானடோரியம்னு ஆனது அப்படித்தான். 1937-ல கிறிஸ்டியன் காலேஜ் ஜார்ஜ் டவுன்லேர்ந்து தாம்பரத்துக்கே குடி வந்துடுச்சு, எலக்ட்ரிக் ட்ரெயின் இல்லன்னா அவ்வளவு தூரம் வந்து போறது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மீட்டர் கேஜ் லோக்கல் 2004 ஜூலை 1-ஓட முடிஞ்சுது. அந்தக் குட்டி வண்டில போய் வந்தவங்க இன்னிக்கும் அதைப் பத்திப் பேசினா முகம் மலர்ந்துடும்.

வெளியூர் வண்டி தாம்பரத்துலேர்ந்தே கிளம்பறதெல்லாம் சமீபத்துல வந்த பழக்கம். 2018-ல அந்த்யோதயா எக்ஸ்பிரஸ், 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தப்போ ராமேஸ்வரம் வண்டி, இப்படி ஒவ்வொண்ணா சேர்ந்து எழும்பூர், சென்ட்ரலுக்கு அப்புறம் மூணாவது டெர்மினலா ஆயிடுச்சு. 2024 ஜூலை, ஆகஸ்ட்ல தாம்பரம் யார்டையே, அதாவது ஸ்டேஷனை ஒட்டின தண்டவாளங்களையே மாத்திப் போட்டாங்க, அப்போ லோக்கல் ஓடாம ஜனங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.

சரி, ஊர்லேர்ந்து வந்து தாம்பரத்துல இறங்கினதும் என்ன செய்யணும்? கூட்டத்தோட கூட்டமா படி ஏறாதீங்க. வண்டி கடைசி ஸ்டாப்புங்கறதால அவசரமே இல்ல, பத்து நிமிஷம் பெஞ்சுல உட்காருங்க, கூட்டம் கரைஞ்சதும் லிஃப்ட் எங்கன்னு கேட்டுப் போங்க, பெட்டி எந்த இடத்துல நின்னுச்சோ அதைப் பொறுத்து கொஞ்சம் நடக்க வேண்டி வரும். வீல்சேர் வேணும்னா ஸ்டேஷன் மாஸ்டர் ஆபீஸ்ல கேளுங்க, ரயில்வே ஹெல்ப்லைன் 139-க்கு முன்னாடியே போன் பண்ணியும் சொல்லி வெக்கலாம். எலக்ட்ரிக் ட்ரெயின் மேற்குப் பக்கம், அதாவது ஜிஎஸ்டி ரோடு பக்கத்து பிளாட்பாரங்கள்ல நிக்கும். மேம்பாலத்துல ட்ரெயினுக்குப் போறவங்க மட்டும் இல்ல, கிழக்குத் தாம்பரத்துக்கும் மேற்குத் தாம்பரத்துக்கும் நடுவுல போய் வர்றவங்களும் அதுலயேதான் போவாங்க, அதனால காலைல அம்மாவை ஓரமா கைப்பிடி பக்கமா நடத்திக் கூட்டிட்டுப் போங்க.

லோக்கலுக்கு டிக்கெட் தனியா எடுத்துடுங்க, சாதா லோக்கல்ல குறைஞ்ச கட்டணமே 5 ரூபாதான், பார்க் வரைக்கும் போனாலும் பெரிசா ஆகாது. கவுண்டர்ல க்யூ பெருசா இருந்தா தானியங்கி மெஷின் பாருங்க, போன்ல ரயில்வேயோட ரயில்ஒன் ஆப் இருந்தா அதுலயும் எடுக்கலாம். 2025 ஏப்ரல்லேர்ந்து ஏசி லோக்கலும் ஓடுது, சாதா டிக்கெட்டோட அதுல ஏறிடாதீங்க, அதுக்குக் கட்டணம் வேற, 35 ரூபாலதான் ஆரம்பமே. வெயில் நேரத்துல அம்மாவுக்காக அந்த செலவு செய்யலாம், தப்பே இல்ல, ஆனா அது எப்பவாவதுதான் வரும், அதுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம்.

கிண்டில இறங்கி மெட்ரோ மாறலாமான்னும் சிலர் சொல்வாங்க. மெட்ரோல லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சென்ட்ரலுக்கு நேராவும் போகும், ஆனா மாறறதுக்கு நடுவுல ஏறி இறங்கற வேலை ஒண்ணு சேரும். முட்டி வலிக்காரங்களுக்கு மாறாம போற வழிதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். பார்க்ல மட்டும் எழும்பூர் தாண்டினதுமே எழுந்து கதவு பக்கம் வந்துடுங்க, வண்டி அங்க ரொம்ப நேரம் நிக்காது.

திரும்பி வரும்போது சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே பார்க்லேர்ந்து கிளம்பப் பாருங்க, ஆபீஸ் விடற நேரம்னா ஏறவே முடியாது. ஊர் வண்டி ராத்திரிதான்னாலும் பரவாயில்ல, தாம்பரம் வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்துக்கலாம். வண்டி தாம்பரத்துலேர்ந்தே கிளம்புதா எழும்பூர்லேர்ந்தான்னு அன்னிக்குக் காலைலயே 139-ல ஒரு தடவை கேட்டுடுங்க, இப்ப இது அடிக்கடி மாறுது.