கூட இருந்தவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடங்களாக வேலை செய்கிறேன். சபையில் வாலிபப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி, 22 வயது, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் எனக்கு ஆவிக்குரிய வழிகாட்டியாக இருக்க வேண்டும். உங்களைப்போல் விசுவாசத்தில் தைரியமாக வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்ற காலாண்டு முடியும்போது, இன்னும் அனுப்பாத சரக்குக்கான இரண்டு இன்வாய்ஸ்களுக்கு முந்தைய தேதி போட்டு விற்பனைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார் மேலாளர். சேர்த்துவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நான் கிறிஸ்தவள் என்பது அலுவலகத்தில் என் பெயரை வைத்துத்தான் தெரியும். இப்படிப்பட்ட நான் ஒருத்திக்கு வழிகாட்டுவதா? நான் சரியாகும்வரை முடியாது என்று சொல்லிவிடட்டுமா? உண்மையில் தைரியம் எங்கிருந்து வருகிறது? ஒருவேளை அவளோடு தொடங்கினால், வேதத்தில் எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெண்ணிடம் முடியாது என்று சொல்லாதீர்கள். ஆனால் அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் மேலாளரின் அறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். இரண்டும் வேறு வேறு காரியங்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தைரியம் எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின்முன் நிறுத்தப்படுகிறார்கள். எதிரே அன்னாவும் காய்பாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்பு பிரதான ஆசாரியனின் முற்றத்தில், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து இயேசுவை அறியேன் என்று சொன்னவர்தான் இந்தப் பேதுரு. இப்போது அவர் பேசுகிற தைரியத்தைப் பார்த்து, படிப்பில்லாதவர்களுக்கு இது எப்படி வந்தது என்று சங்கத்தார் திகைக்கிறார்கள். கடைசியில், "அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்களென்று அறிந்துகொண்டார்கள்." எதிராளிகள் ஆராய்ந்து கண்டுபிடித்த காரணம் இது. இதைவிட நல்ல காரணத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

மாற்கு 3:14-ஐயும் பாருங்கள். பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டது முதலில் தம்மோடுகூட இருப்பதற்காக. பிரசங்கம்பண்ண அனுப்புவது அதற்குப் பிறகு. நாம் எல்லோரும் இரண்டாம் பாதியில் ஊழியம் செய்யத் துடிக்கிறோம். முதல் பாதி நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டாகிவிட்டது.

இன்னொன்று. சங்கத்தாரைத் திகைக்கவைத்த அதே ஆட்கள் விடுதலையாகி வந்தவுடன் என்ன ஜெபித்தார்கள்? தைரியத்தைத் தாரும் என்று (4:29). பவுலும் சங்கிலியில் இருந்துகொண்டு, நான் தைரியமாய்ப் பேசும்படி எனக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எபேசு சபைக்கு எழுதினார். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் ஏன் கேட்க வேண்டும்? அது அன்றன்றைக்குக் கேட்டு வாங்குகிற பொருள்போலும். ஆகவே உங்களிடம் தைரியம் குறைவாக இருப்பது உங்களைத் தகுதியற்றவராக்கவில்லை. நிறைய இருப்பதாக அந்தப் பெண் நம்பிக்கொண்டிருப்பதும், அதை நீங்கள் திருத்தாமல் இருப்பதும்தான் இடறல்.

எனக்கு 24 வயதில் ஒரு அம்மா கிடைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். என்ன படித்தோம் என்று இப்போது கேட்டால் உருப்படியாக ஒன்றும் சொல்லத் தெரியாது. எபிரெயர் நிருபத்தில் பல மாதங்கள் கிடந்தோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் ஒரு வியாழக்கிழமை அவர் வேதாகமத்தைத் திறக்கவில்லை. "வா, ஒரு இடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது, தனியாகப் போகப் பயமாயிருக்கிறது" என்றார். சபைக் கூட்டமொன்றில் அவர் ஒருவரைப்பற்றித் தவறாகப் பேசியிருந்தார். விசாரித்துப் பார்க்காமல், கோபத்தில். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அந்த மனிதர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா வாசலிலேயே நின்று சொல்லவேண்டியதைச் சொன்னார். அவர் கை நடுங்கியது, நான் பார்த்தேன். மன்னித்தேன் என்றுகூட அந்த மனிதர் சொல்லவில்லை. திரும்பும் வழியில் அம்மா என்னிடம் அதைப் பாடமாக்கவும் இல்லை. கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின் எனக்கு யாரிடமாவது தவறை ஒப்புக்கொள்ளவேண்டி வரும்போதெல்லாம் அந்த நடுங்கிய கைதான் முன்னால் வருகிறது. அவர் பயப்படாத பெண்மணியாக மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால், அவரைப் பாராட்டிவிட்டு என் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

தைரியசாலி என்றால் உரக்கப் பேசுகிறவர் என்று நம் சபைகளில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது: பெயரைத் தவிர வேறெதனாலும் அலுவலகத்தில் நான் கிறிஸ்தவள் என்று தெரியாது என்கிறீர்கள். மேஜைமேல் வசன அட்டை வைத்திருந்தால் சரியாகியிருக்குமா? வசன அட்டைக்குக் கீழே அந்த இரண்டு இன்வாய்ஸ்களும் கிடந்திருக்கும், அவ்வளவுதான். தானியேல் 6-ஆம் அதிகாரத்தைக் கணக்குப் பிரிவில் இருக்கிற நீங்கள் வேறு விதமாக வாசிக்கலாம். 120 தேசாதிபதிகள், ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி அவர்களிடம் கணக்குக் கேட்க மூன்று பிரதானிகள், அதில் ஒருவர் தானியேல். சத்துருக்கள் முதலில் தேடியது அவருடைய ஜெபத்தை அல்ல, ராஜ்ய விசாரிப்பில் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று. ஒன்றும் சிக்காததால்தான் ஜெபத்துக்கு வந்தார்கள். ஜெபத்துக்குத் தடை வந்தபோது தானியேல் பலகணிகளைப் புதிதாகத் திறக்கவும் இல்லை, இருந்ததை மூடவும் இல்லை. "தான் முன் செய்துவந்தபடியே" என்று எழுதியிருக்கிறது. சிங்கக் கெபியைப் படமாக வரைந்து மாட்டுகிறோம். கணக்குப் புத்தகத்தை யாரும் வரைவதில்லை.

நீங்கள் ஒரு வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1785 டிசம்பரில், 26 வயதான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், ஜான் நியூட்டன் என்ற வயதான போதகரைச் சந்திக்கப் போனார். ரகசியமாக. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், கதவைத் தட்டத் துணிவில்லாமல் அந்தச் சதுக்கத்தை ஒன்றிரண்டு முறை சுற்றிவந்துதான் உள்ளே போனார். பிறகு அடிமை வியாபாரத்துக்கு எதிராக இருபது வருடம் நின்று போராடியவர் இவர்தான். அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரட்டுமா என்ற குழப்பத்தோடு போனவரை, இருக்கிற இடத்திலேயே இருந்து தேவனுக்குச் செய்யச் சொல்லி அனுப்பினார் நியூட்டன்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது நியூட்டனின் பக்கம். அவர் ஒருகாலத்தில் அடிமைக் கப்பல்களின் கேப்டன். 1748-இல் கடலில் புயலில் சிக்கி மனந்திரும்பியவர், அதற்குப் பிறகும் 1754 வரை அந்தத் தொழிலில்தான் இருந்தார். அதைப்பற்றி வெளிப்படையாகத் தன்னைக் குற்றஞ்சாட்டி எழுதியது 1788-இல், கடல் தொழிலை விட்டு முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்தபின். அதற்குள் அந்த இளைஞர் போராட்டத்தைக் கையிலெடுத்திருந்தார். மாணவன் இறங்கியது ஆசானின் வாயைத் திறந்ததா, அவருடைய மனசாட்சி தானே முற்றிக் கனிந்ததா, வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தன் பழைய பாவத்தின் மொத்தக் கணக்கையும் தீர்த்துவிட்டுத்தான் ஒருவனுக்கு வழிகாட்டுவேன் என்று அவர் கதவை மூடியிருந்தால், அந்த டிசம்பரில் தட்டியவர் திரும்பிப் போயிருப்பார். வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதைப் பார்த்துவிட்டு அதே வருட டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

நீங்கள் முப்பது வருடம் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, திருத்தப் பதிவு போட முடியும். மேலாளரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். "அந்த இரண்டு இன்வாய்ஸ்களையும் சரியான காலாண்டுக்கு மாற்ற வேண்டும், சேர்த்தது என் தவறும்தான், திருத்தப் பதிவை நானே தயார் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னதை மின்னஞ்சலிலும் எழுதிவையுங்கள். அவர் மறுத்தால் அவருக்கு மேலே இருப்பவரிடமோ தணிக்கையாளரிடமோ போகவேண்டியிருக்கும். வேலை போகுமா? போகலாம். போகாது என்று வாக்குக் கொடுக்கிற வசனம் ஒன்றையும் நான் உங்களுக்கு எடுத்துத் தர மாட்டேன். தானியேல் 3-ஆம் அதிகாரத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் "விடுவிக்காமற்போனாலும்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தான் பேசினார்கள்.

போய்வந்த பிறகு அவளிடம் சொல்லுங்கள். நிறுவனத்தின் உள்விவகாரங்களை விவரமாகச் சொல்லவேண்டாம், அது உங்களுடையது அல்ல. நான் பயந்து ஒரு தவறு செய்தேன், இந்த வாரம் அதைத் திருத்தப் போனேன், இன்னும் பயமாக இருக்கிறது, இவ்வளவு போதும். உங்கள் பாரம் முழுவதையும் 22 வயதுப் பெண்ணின் தோளில் இறக்காதீர்கள். அதற்கு உங்களுக்கே மூத்தவர் ஒருவர் வேண்டும். இருக்கிறாரா? கடிதத்தில் அப்படி யாரையும் காணோம். எனக்கு அதுதான் இன்வாய்ஸைவிடக் கவலையாக இருக்கிறது.

அவளைத் திருத்தவேண்டிய நாளும் வரும். அப்போது பிரிஸ்கில்லாளை நினைத்துக்கொள்ளுங்கள். எபேசுவில் அப்பொல்லோ தைரியமாகப் பேசுகிறான். வேதத்தில் வல்லவன், ஆனால் யோவான்ஸ்நானகனின் ஸ்நானத்துக்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தின் நடுவில் எழுந்து அவனை மடக்கியிருக்கலாம். கூடாரம் செய்து பிழைக்கும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் "அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் அவனுக்கு விவரித்துக் காண்பித்தார்கள்." (பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் இந்த இடத்தில் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது, நம் மொழிபெயர்ப்பில் கணவர் முந்திக்கொண்டார்.) மற்றச் சீஷர்கள் நம்பப் பயந்த சவுலை, பின்னாளின் பவுலை, பர்னபா என்ன செய்தார் என்பதற்கும் நம் வேதாகமத்தில் அதே சொல்தான்: சேர்த்துக்கொண்டு. அவர்களுடைய திருத்தத்தால் அப்பொல்லோவின் வாய் அடைபட்டுவிடவில்லை. அடுத்து அவன் அகாயாவுக்குப் போய் இன்னும் பலமாகப் பேசினான்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கடுமையாகவே சொல்கிறேன். வழிகாட்டிகளால் நொறுங்கிப்போனவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது, வீட்டாரோடு பேசுவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற ஒரே முத்திரையால் தீர்மானித்தவர்கள். நான் சொன்னதை யாரிடமும் சொல்லாதே என்கிறவர்கள். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. ஒரு இளம் உயிர் நம்மை அண்ணாந்து பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது, உங்களுக்கும் அது வரும். கொரிந்தியரிடம் எத்தனையோ விஷயங்களில் கோபப்பட்ட பவுல், "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்" என்று எழுதினார். ஆகவே அவள் முடிவை அவள் எடுக்கட்டும். நீங்கள் சொல்வதை வேறு மூத்தவர்களிடமும் அவள் கேட்டுப்பார்க்கட்டும். அதை நீங்களே அவளிடம் முதல் நாளில் சொல்லிவிடுங்கள்.

வாசிப்பதற்கு எது என்று கேட்டீர்கள். 2 தீமோத்தேயு. நான்கே அதிகாரம், உரக்க வாசித்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை இருவருமே மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். அது பவுல் ஒரு வீரனுக்கு எழுதியது அல்ல, தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியது. பிரிந்தபோது கண்ணீர் விட்டவன். அடிக்கடி உடம்பு சுகமில்லாதவன். கொரிந்துவுக்கு அவன் வந்தால் பயமில்லாமலிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் முன்கூட்டியே சொல்லி அனுப்பவேண்டியிருந்தவன். அப்படிப்பட்டவனிடம்தான், கேட்டவைகளை இன்னும் மற்றவர்களிடத்தில் ஒப்புவி என்று பொறுப்பையும் தருகிறார்.

நான்காம் அதிகாரத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பலர் விட்டுப்போய்விட்டார்கள், லூக்கா மட்டும் கூட இருக்கிறார். ஒருகாலத்தில் பாதியில் ஓடிப்போனவன் என்று பவுல் தள்ளிவைத்த மாற்குவை, கூட்டிக்கொண்டுவா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு, மாரிகாலத்துக்குமுன் வந்துவிடச் சொல்கிறார். குளிரில் இருக்கும் ஆசான், பயந்த சுபாவமுள்ள பிள்ளையிடம் துணி கேட்கிறார். தீமோத்தேயு போய்ச் சேர்ந்தானா என்று எங்கும் எழுதப்படவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு, எனக்கும் எழுதுங்கள். மேலாளர் என்ன சொன்னார் என்பதையும்.