புயலில் சிக்கிய ராட்சத சரக்குக் கப்பல் ஒரு அபாயச் செய்திகூட அனுப்பாமல் மூழ்குவது எப்படி? மாலுமிகளின் கவனக்குறைவா?

நான் பல்க் கேரியர்களில் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரியாக, வேலை பார்த்தவன். தாது, நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே ஹோல்டில் (கப்பலின் சரக்கு அறையில்) கொட்டி ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இவை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது டெர்பிஷைர். "மாலுமிகளின் கவனக்குறைவா?" என்று நீங்கள் கேட்டதையே அந்தக் கப்பலில் இறந்தவர்களின் குடும்பங்கள் இருபது வருடம் எதிர்கொண்டன.

டெர்பிஷைர் 1976-ல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். கனடாவின் செட்டீல் துறைமுகத்தில் ஏறத்தாழ 1,57,000 டன் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானின் கவாசாகிக்குப் புறப்பட்டது. 1980 செப்டம்பர் 9 அன்று, ஒகினாவா பக்கம் ஆர்கிட் சூறாவளியில் மாட்டியது. வந்து சேரத் தாமதமாகும் என்பதுதான் கரைக்குக் கிடைத்த கடைசித் தகவல். அபாயக் குரல் எதுவும் வரவில்லை. 44 பேர் போய்விட்டார்கள். அவர்களில் இருவர் கணவருடன் பயணம் செய்த மனைவிமார். கடலில் காணாமல் போன பிரிட்டிஷ் கப்பல்களில் இதைவிடப் பெரியது இல்லை.

கப்பல் கண்ணில் படாத வரை விசாரணைக்கும் பிடி கிடைக்கவில்லை. 1980-களின் கடைசியில் நடந்த முதல் முறையான விசாரணை, இயற்கையின் சக்திக்குக் கப்பல் பலியாகியிருக்கலாம் என்று முடித்துக்கொண்டது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் பணத்தில் 1994-ல் தேடல் நடந்தது. நாலு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கப்பலின் சிதறல் கிடைத்தது. அடுத்து அரசே ஆய்வு நடத்தி, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அந்தப் படங்களைப் பார்த்த நிபுணர்கள் 1998-ல் சொன்னதுதான் கொடுமை: முன்பக்கத்து போசன் ஸ்டோரின் (கயிறு, சாமான்கள் வைக்கும் அறையின்) மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டாமல் விட்டுவிட்டார்களாம், தண்ணீர் அந்த வழியாகப் போனதாம். பதில் சொல்ல முடியாதவர்கள் மேல் பழி!

மறுபடி விசாரித்த நீதிபதி கோல்மன் 2000-ல் அந்தப் பழியைத் துடைத்தார். அவர் கண்டறிந்தது இதுதான். மணிக்கணக்காக முன் டெக் மேல் அலை ஏறி அடித்ததில், அங்கிருந்த வென்டிலேட்டர்களும் காற்றுக் குழாய்களும் உடைந்து போயின. அந்தத் துவாரங்கள் வழியாக முன்பக்கத்து அறைகளில் தண்ணீர் சேர்ந்தது. மூக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் இருப்பதோ பின் கோடியில். இருட்டிலும் சாரலிலும் அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, மூக்கு கொஞ்சம் இறங்கியிருப்பது தெரியவே தெரியாது. முன் அறையில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த அலையில் நடந்து போய்ப் பார்க்கவும் முடியாது, போனவன் திரும்ப மாட்டான்.

மூக்கு தாழத் தாழ, ஹோல்டின் வாயை அடைக்கும் மூடியான முதல் ஹேட்ச் கவர் மேல் முழு அலையும் வந்து விழுந்தது. கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கான 1966-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி அந்த மூடிகள் தாங்க வேண்டிய சுமை சதுர மீட்டருக்கு 1.75 டன்தான். அதாவது, ஒரு ஆள் உயரத் தண்ணீர்! சூறாவளி அலைக்கு இது எம்மாத்திரம்? மூடி உள்ளே நொறுங்கியது. இரும்புத்தாது கனமான சரக்கு, ஹோல்டின் அடியில் கொஞ்ச இடத்தைத்தான் அடைக்கும். மேலே இருப்பதெல்லாம் காலி இடம். அது முழுக்கக் கடல் புகுந்தது. பிறகு இரண்டாவது மூடி, மூன்றாவது மூடி. இதற்கெல்லாம் சில நிமிடங்கள் போதும். ரேடியோ அறைக்கு ஓடி எதையும் சொல்ல எங்கே நேரம்?

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. விதி கேட்ட பலத்தில்தான் மூடி இருந்தது. விதி கேட்ட பலமே போதவில்லை. மூக்கில் உயர்த்திக் கட்டும் மேடையான ஃபோக்சிலும் அந்தக் கப்பலுக்கு இல்லை. இருந்திருந்தால் டெக் மேல் ஏறும் அலையைக் கொஞ்சமாவது உடைத்திருக்கும்.

அதன் பிறகு புது பல்க் கேரியர்களின் ஹேட்ச் கவருக்கும் முன் டெக் பொருத்துகளுக்கும் பலம் கூட்டினார்கள், ஃபோக்சிலையும் கட்டாயமாக்கினார்கள். 2004 ஜூலையிலிருந்து, ஹோல்டிலும் முன் அறைகளிலும் தண்ணீர் சேர்ந்தால் பிரிட்ஜில் மணியடிக்கும் கருவி பழைய பல்க் கேரியர்களுக்கும் சேர்த்து விதியானது. என் வாட்சில் (பிரிட்ஜில் என் பணி நேரத்தில்) அந்தப் பேனலைச் சோதிக்கும்போது, கூட இருந்த கேடட் பையன்களுக்கு டெர்பிஷைர் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்ததில், லிவர்பூலில் கணவனையும் மகனையும் இழந்து வருடக்கணக்காக அரசின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்த பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.