க்ளோ சேன்ட் யூன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், டிரிம்பாக் குடும்பம் க்ளோ சேன்ட் யூன் என்ற தோட்டத்திலிருந்து அதே பெயரில் செய்யும் ரீஸ்லிங் (ஒரு வெள்ளைத் திராட்சை ரகம்) ஒயினைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்குச் சொல்ல ஏதாவது இருப்பவற்றுக்கு மட்டும் பதில். கேட்டவரின் புனைபெயர் முதலில்.

குளிர்காலம்: அந்தத் தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்?

இடம் சின்னது. ஹுனவீர் கிராமத்தில், ரோஸாக்கர் என்ற 26 ஹெக்டேர் சரிவுக்குள் 1.67 ஹெக்டேர், அதாவது நாலு ஏக்கர் சொச்சம். 1626 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் குடும்பம் இது. இந்தத் துண்டு நிலமே இருநூறு வருஷத்துக்கு மேலாக அவர்கள் கையில் இருக்கிறது. தென்கிழக்கு பார்த்த சரிவு, அடியில் சிப்பிகள் இறுகிய சுண்ணாம்புக்கல். மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை குறைகிற மாதிரிதான். பக்கத்து ஊரான கோல்மார் பிரான்சின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று. அதனால் இலையுதிர் காலம் வரை பழத்தைக் கொடியிலேயே விட்டு நிதானமாகப் பழுக்க வைக்கலாம். இரவுக் குளிரில் புளிப்பும் குறையாது.

1871 முதல் 1918 வரை அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தது. அப்போது அந்த ஊர்ச் சரக்கில் பெரும்பகுதி கலப்புக்குப் போன மலிவு ஒயின். தோட்டத்தின் பெயரிட்ட முதல் ஒயின் 1919 அறுவடையில் வந்தது. இப்போது வருஷத்துக்குச் சுமார் 8,000 பாட்டில்கள்.

சாரல்: இனிக்குமா?

இனிக்காது. சர்க்கரை தீரும்வரை நொதிக்க விடுகிறார்கள். புளிப்பைத் தணிக்கும் இரண்டாவது நொதித்தலை அனுமதிப்பதில்லை. புது ஓக் பீப்பாய் வாசனையும் கிடையாது. 1989-இல் மட்டும் தாமதமாகப் பறித்து ஒரு தனி ஒயின் செய்தார்கள், அது விதிவிலக்கு.

வெண்பா: ரோஸாக்கர் 'கிராண்ட் க்ரூ' தகுதி பெற்ற நிலம்தானே? லேபிளில் ஏன் அதைப் போடுவதில்லை?

சிறந்த தோட்டங்களுக்குச் சட்டப்படி தரும் முத்திரை அது. 1983-இல் ரோஸாக்கருக்கு அந்தத் தகுதி வந்தபோது எல்லைகளைத் தாராளமாக வரைந்துவிட்டார்கள் என்பது டிரிம்பாக் குடும்பத்தின் கட்சி. ரிக்வீர் ஊரின் ஹியூகல் குடும்பமும் அதையே சொன்னது. நல்ல நிலமும் சுமார் நிலமும் ஒரே பெயரில் நுழைந்தால், அந்தப் பெயரை நம்பி யார் வாங்குவது?

திண்ணைவாசி: இது பணக்காரத் திமிர் ஐயா. ஊர்ப் பெயர் எல்லாருக்கும் பொது. சின்ன விவசாயிக்கு இருக்கும் ஒரே துணை அந்த முத்திரைதான்.

பாதி சரி. பேர் எடுத்த வீட்டுக்கு முத்திரை தேவையில்லை, பேர் இல்லாதவருக்குத் தேவை. ஆனால் எல்லையைத் தளர்த்தினால் முத்திரையின் மதிப்புதான் குறையும். அதில் முதலில் அடிபடுவதும் அந்தச் சின்ன விவசாயிதான்.

தேனிக்காரன்: அப்படியானால் இதே டிரிம்பாக் இப்போது கெய்ஸ்பெர்க் என்ற இன்னொரு தோட்டத்து ஒயினில் மட்டும் 'கிராண்ட் க்ரூ' என்று அச்சடிப்பது ஏன்?

நல்ல பிடி! ஷ்லாஸ்பெர்க் தோட்டத்து ஒயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலும் அச்சடிக்கிறார்கள். கொள்கை இளகிவிட்டது, அவ்வளவுதான். க்ளோ சேன்ட் யூன் லேபிள் மட்டும் பழையபடியே இருக்கிறது. அதில் கொள்கையைவிட வியாபாரம் அதிகம் என்பது என் எண்ணம்: தெரிந்த முகத்தை யாரும் மாற்றமாட்டார்கள். திண்ணைவாசி இதற்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். படித்தேன். அடுத்த கேள்விக்குப் போவோம்.

மணல்மேடு: திறந்தவுடன் மண்ணெண்ணெய் வாடை. கெட்டுப்போச்சா?

இல்லை. டிடிஎன் என்ற சேர்மம் அது. வெயில் பட்ட ரீஸ்லிங் தோலில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிகள் சிதைந்து, பாட்டிலில் வருஷங்கள் போகப்போக உருவாகும். பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் பாட்டில் நம் ஊர் அலமாரியில் கோடை கண்டதா? வெப்பத்தில் இந்த வாடை சீக்கிரமே ஏறும். சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

கடலோடி: இனிப்பு ஒயின்தானே இது?

சாரலுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தேனிக்காரன்: கம்பம் பன்னீர் திராட்சையில் இப்படிச் செய்ய முடியாதா?

ஒயின் செய்யலாம், இது வராது. பன்னீர் கறுப்புத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கம்பத்தில் கொடி உறங்குகிற குளிர்காலமே இல்லை. வருஷம் முழுக்கக் காய்க்கும். அந்த வெப்பத்தில் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும். ரீஸ்லிங்குக்கு உயிரே அந்தப் புளிப்புதான்.

புதுவை: எப்போது திறக்கலாம்?

அறுவடைக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் அவர்களே வைத்திருந்துதான் விற்கிறார்கள். நீங்களும் இன்னும் ஐந்தாவது பொறுங்கள். இளசாகத் திறந்தால் எலுமிச்சையும் கல்லும்தான் தெரியும், போட்ட காசு தெரியாது. 10-12 டிகிரியில் பரிமாறுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் மணமே எழாது. இதையும் எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

நெய்தல்: வஞ்சிர வறுவலுக்குப் பொருந்துமா? இனிப்பு ஒயின் என்றார்களே?

யார் சொன்னது! மிளகாய் தூக்கலாக இருந்தால் வீண். உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டு வறுத்தால் பிரமாதம். முதல்முறை என்றால் அதே வீட்டின் மஞ்சள் லேபிள் ரீஸ்லிங்கை வாங்கிப் பாருங்கள். அந்தப் புளிப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் க்ளோ சேன்ட் யூனுக்குப் பணம் போட வேண்டாம்.